படர்தாமரைக் களிம்புகள்: பயனும் பக்கவிளைவும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு ஓர் அம்மையார் தம் கணவரையும் இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. இதுவரை என்ன மருந்து பூசினீர்கள் என்று கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஏழு களிம்பு டியூப்புகள் உருண்டன. ஏழும் பாதி பிதுக்கப்பட்டவை.

கணவர் விசைத்தறியில் வேலை செய்பவர். தறி ஓடும் அறையில் காற்றோட்டம் குறைவு. நின்றபடியே பத்து மணி நேரம் வேர்வையில் நனைவார். ஒன்றரை ஆண்டுக்கு முன் இடுப்பில் ஒரு ரூபாய் அளவில் அரிப்புடன் வட்டம் தோன்றியது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு களிம்பு வாங்கினார். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. நான்காம் நாள் சிவப்பும் மங்கியது. பூசுவதை நிறுத்தினார். மறுவாரமே வட்டம் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிதாக. மீண்டும் அதே களிம்பு, பிறகு அதைவிட விலை கூடிய வேறொன்று. இப்படியே தொடை இடுக்கு, பிட்டம், வயிறு என்று நோய் பரவி, மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் வந்துவிட்டது. பதினான்கு மாதக் கைக்குழந்தைக்கு இடுப்புத்துணி கட்டும் இடத்தில் சிவந்திருந்ததைக் கண்டு, இதுவும் அதுவே என்று எண்ணி அதே களிம்பைப் பூசியிருக்கிறார்கள்.

அந்த ஏழு டியூப்புகளையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த மூலப்பொருள்களைப் படித்தோம். பூஞ்சையைக் கொல்லும் மருந்து மட்டும் கொண்டவை இரண்டு. நான்கு, பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கிருமிக்கொல்லியும் கலந்தவை. ஒன்றில் பூஞ்சை மருந்தே இல்லை, வெறும் ஸ்டீராய்டு. ஏழையும் அந்தக் குடும்பத்தார் ஒரே பெயரால் அழைத்தார்கள்: ‘படர்தாமரைக் களிம்பு.’ இக்கட்டுரையின் தேவை அங்கேதான் எழுந்தது.

பூஞ்சை மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை, தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழ்வது. முடியும் நகமும் அதே புரதத்தால் ஆனவையாதலால் அங்கும் அது குடியேறும். அதன் உயிரணுவைச் சுற்றியுள்ள சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள் தேவை. மனித உயிரணுவில் அதன் இடத்தில் கொலஸ்டிரால் இருக்கிறது. குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல் போன்றவையும், டெர்பினாஃபின் என்பதும், வெவ்வேறு படிகளில் எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கின்றன. மனிதத் தோலுக்குப் பெருந்தீங்கு செய்யாமல் பூஞ்சையை மட்டும் அவற்றால் தாக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான். தோலில் பூசும்போது இரத்தத்தில் கலக்கும் அளவும் மிகக் குறைவு. ஆகவே தனிப் பூஞ்சை மருந்து மட்டும் கொண்ட களிம்பு, பொதுவாகப் பாதுகாப்பான மருந்துகளுள் ஒன்று.

பக்கவிளைவு அறவே இல்லை என்பதன்று. பூசிய இடத்தில் சற்று நேரம் எரிச்சல், குறுகுறுப்பு, இலேசான சிவப்பு, தோல் வறண்டு உரிதல் ஆகியவை முதல் சில நாட்களில் சிலருக்கு உண்டாகும். அரிப்பால் சொறிந்து புண்ணான தோலில் எரிச்சல் கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலும் இவை தாமாகத் தணியும். ஆனால் நாளுக்கு நாள் எரிச்சல் மிகுந்து, பூசிய எல்லையைத் தாண்டியும் சிவந்து, வீங்கி, நீர்க்கொப்புளம் கிளம்பினால் அது ஒவ்வாமை. ஒவ்வாமை மருந்துப் பொருளுக்கே ஏற்படலாம்; களிம்பைக் கெடாமல் காக்கச் சேர்த்த பொருளுக்கும், புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற கரைப்பானுக்கும் ஏற்படலாம். உடனே பூசுவதை நிறுத்தி, நீரால் கழுவி, அந்த டியூப்பை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வர வேண்டும். ‘மருந்து நோயை வெளியே இழுக்கிறது’ என்று பொறுத்துக்கொண்டு பூசுவோரைப் பார்க்கிறோம், அது தவறு. முகம், உதடு வீங்குதல், மூச்சுத்திணறல், உடலெங்கும் தடிப்பு ஆகியவை அரிது. தோன்றினால் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும்.

இனி அந்த நான்கு கலவைக் களிம்புகளுக்கு வருவோம். எங்களுக்கு உண்மையான கவலை இவற்றைப் பற்றியதே.

ஸ்டீராய்டு என்பது தோலின் அழற்சியை அடக்கும் மருந்து. கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் அது அருமருந்து. அதை நாங்கள் குறை கூறவில்லை. படர்தாமரையில் அது செய்வது வேறு. சிவப்பும் அரிப்பும் பூஞ்சை நேரடியாக உண்டாக்குபவை அல்ல. பூஞ்சையை விரட்ட உடல் நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீராய்டு அந்தப் போரை நிறுத்திவிடுகிறது. அரிப்பு நிற்கிறது, சிவப்பு மங்குகிறது, நோயாளி மகிழ்கிறார். எதிர்ப்பாரற்ற பூஞ்சை உள்ளே செழித்து விரிகிறது. களிம்பை நிறுத்தியதும் அடங்கியிருந்த அழற்சி முன்னைவிடச் சீற்றத்துடன் திரும்புகிறது. இரண்டு நாளில் கேட்ட மருந்து என்று அந்தத் தறித் தொழிலாளி நம்பியதில் வியப்பில்லை. அந்த இரண்டு நாள் நிம்மதிதான் ஒன்றரை ஆண்டு நோயின் விதை.

ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை தன் உருவத்தையும் மாற்றிக்கொள்ளும். விளிம்பு சிவந்து நடு தெளிந்த வட்டம் என்ற பழைய அடையாளம் மறைந்து, வட்டத்துக்குள் வட்டமாகவும், பருக்கள் நிறைந்த திட்டாகவும், வெறும் கருமையாகவும் தோன்றும். பழகிய மருத்துவரும் முதற்பார்வையில் ஏமாறக்கூடும். ஆகவேதான் தோலின் செதிளைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கிறோம். அதற்கு முன் சில நாட்கள் களிம்பு பூசாமல் இருந்தால் முடிவு தெளிவாகக் கிடைக்கும். பரிசோதனைக்கு வரும் நாளன்று நன்றாகக் களிம்பைத் தடவிக்கொண்டு வருவது மரியாதைக்குரிய பழக்கமாயினும் எங்கள் வேலையைக் கெடுப்பது.

தோலுக்கு நேரும் சேதம் இதனினும் கொடியது. கிளோபெட்டசால் போன்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டை மருத்துவர் எழுதித்தரும்போதுகூடத் தொடர்ந்து 2 வாரத்துக்கு மேலும், வாரத்துக்கு 50 கிராமுக்கு மேலும் பூசலாகாது என்ற வரம்பு உண்டு. தொடை இடுக்கு, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, முகம் ஆகிய இடங்களில் தோல் மெல்லியது. மருந்து அங்கே மிகுதியாக உட்கிரகிக்கப்படும். மாதக்கணக்கில் பூசினால் தோல் காகிதம்போல் மெலிந்து, நரம்புகள் வெளித்தெரிந்து, நிறம் வெளுத்து, பிரசவக்கோடு போன்ற அகன்ற வரிகள் விழும். முகத்தில் பூசினால் பருக்களும் நீங்காச் சிவப்பும் தோன்றும். கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் கண் அழுத்தம் உயரவும் புரை விழவும் இடமுண்டு. குழந்தைகளுக்கு இடர் இன்னும் கூடுதல். அவர்களின் எடையோடு ஒப்பிடத் தோலின் பரப்பு அதிகம். இடுப்புத்துணி இறுக்கிக் கட்டிய இடத்தில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து மருந்தை உள்ளே தள்ளும். இரத்தத்தில் கலந்த ஸ்டீராய்டு, குழந்தையின் அட்ரீனல் சுரப்பியின் வேலையை அடக்கி, வளர்ச்சியைத் தடுத்து, முகத்தை உப்ப வைக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதால், நிறுத்தும் முறையையும் மருத்துவரே சொல்ல வேண்டும்.

இது ஒரு குடும்பத்தின் தவறு மட்டுமன்று. நாடெங்கும் இந்தக் கலவைகள் சீட்டின்றிக் கைமாறியதைக் கண்டு, இந்தியத் தோல்நோய், பால்வினை நோய், தொழுநோய் மருத்துவர்கள் சங்கம் தனிப் பணிக்குழு அமைத்துக் குரல் எழுப்பியது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம், தோலில் பூசும் 14 ஸ்டீராய்டு மருந்துகளை, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கே விற்க வேண்டிய ‘எச்’ அட்டவணையில் சேர்த்தது. எனவே டியூப்பின் மேல் ‘ஆர்எக்ஸ்’ குறியும், சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பொருள் பட்டியலில் கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்ற பெயர்களில் ஒன்றேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆங்கிலம் படிக்க இயலாதோர் வீட்டுப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லலாம்; எங்கள் மருந்தகச் சாளரத்தில் காட்டினாலும் சொல்வார்கள். கலவைகளில் சேரும் நியோமைசின் என்னும் கிருமிக்கொல்லி தன்னளவிலேயே ஒவ்வாமைக்குப் பேர்போனது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

அரைகுறையாகப் பூசி நிறுத்துவதற்கு இன்னொரு விலையும் உண்டு. கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் படர்தாமரை எளிதில் தீராத நோயாக மாறிவந்திருக்கிறது. அதன் பின்னுள்ள பூஞ்சை வகைக்கு 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள்; பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபின் தாக்க வேண்டிய நொதியையே சற்று மாற்றியமைத்துக்கொண்டு அம்மருந்துக்கு அடங்காமல் தப்புவது இவ்வகையின் இயல்பு. 2023 மே மாதம் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், நியூயார்க் நகரில் இரு பெண்களிடம் இது கண்டறியப்பட்டதாக அறிவித்தது. ஒருவர் வங்கதேசம் சென்றிருந்தபோது நோய் பெற்றவர். மற்றவர் அண்மையில் வெளிநாடே போகாதவர். நம் ஊர் மருந்துக்கடைப் பலகையில் தொடங்கும் வினை எங்கெங்கோ போய் நிற்கிறது.

சரி, முறையாகப் பூசுவது எப்படி?

அளவைப் பற்றியே எங்களிடம் அதிகம் கேட்கிறார்கள். வளர்ந்தவரின் ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அகலமுள்ள தோலுக்கு இது போதும். சிலர் கடுகளவை முதுகு முழுவதும் இழுப்பார்கள். சிலர் தோசைக்கு வெண்ணெய் போல அப்புவார்கள். கடுகளவு பலன் தராது. அப்பியது வேட்டிக்கும் பாவாடைக்கும் போய்ச்சேரும். குளித்து, நன்றாகத் துடைத்து, ஈரம் உலர்ந்த பின் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வட்டத்தோடு நின்றுவிடாமல், விளிம்புக்கு வெளியே நல்ல தோலிலும் 2 சென்டிமீட்டர்வரை பூச வேண்டும். பூஞ்சை வெளிநோக்கியே படர்கிறது. வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுவது நல்லது. பூசுமுன்னும் பூசியபின்னும் கையைச் சோப்பால் கழுவுக. குளோட்ரிமசோல் போன்றவை நாளுக்கு இருமுறை, லூலிகோனசோல் ஒருமுறை என்று மருந்துக்கு மருந்து வேறுபடும். சீட்டில் எழுதியதே கணக்கு.

எத்தனை நாள் என்பதற்கு விடை: அரிப்பு நிற்கும்வரை அன்று. தோல் முற்றிலும் தெளிந்த பின்னும் பொதுவாக 2 வாரம் தொடர வேண்டும். மொத்தத்தில் 4 வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். கருநிறத் தழும்பு மட்டும் எஞ்சி, செதிளும் அரிப்பும் இல்லையெனில் அது நோயன்று. அதற்காகப் பூசிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தொடை இடுக்கு, விரலிடுக்கு போன்ற மடிப்புகளுக்குக் கெட்டியான எண்ணெய்க் களிம்பைவிட இலகுவான கிரீம் ஏற்றது; எண்ணெய்ப்பசை ஈரத்தைப் பூட்டிவைக்கும். விடியுமுன் பனியீரத்தில் பூப்பறிக்கப் போவோரும், நாள் முழுதும் தண்ணீரில் கால் வைத்து வேலை செய்வோரும் சேற்றுப்புண்ணுக்குக் களிம்பு பூசிவிட்டு உடனே ஈரத்தில் இறங்கினால் பயனில்லை. இரவில் காலைக் கழுவி உலர்த்திப் பூச வேண்டும். பூஞ்சைத் தூள், ஈரத்தைக் குறைத்து மறுபடி வராமல் காக்க உதவும். தனியே நோயைத் தீர்க்காது. தலைமுடியிலும் நகத்திலும் வந்த பூஞ்சைக்குக் களிம்பு வேர்வரை எட்டாது. அவற்றுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படும்.

சிலர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். கருவுற்றோர் எந்தக் களிம்பையும் கேட்டே பூசுக. குளோட்ரிமசோல் நெடுநாளாக அவர்களுக்குப் பயன்படுத்தப்படுவதுதான், ஆயினும் இடமும் அளவும் மருத்துவர் சொல்ல வேண்டியவை. பாலூட்டும் தாய்மார் மார்புக்காம்பில் பூசிவிட்டுக் குழந்தைக்குப் பால் கொடுக்கலாகாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் மைக்கோனசோல் பூசுவதை, அதிலும் வாய்க்குப் பூசும் ஜெல்லை, மருத்துவருக்குத் தெரிவிக்காமல் தொடங்கினால் இரத்தக்கசிவு நேரலாம். பெண்கள் உள்ளுறுப்பில் வைக்கும் சில பூஞ்சை மருந்துகள் ரப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்யும். சர்க்கரை நோயாளிகள் கால்விரலிடுக்கு வெடிப்பைக் களிம்புக்கு மட்டும் விட்டுவிடாமல் காலைக் காட்ட வர வேண்டும். பாரஃபின் கலந்த களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். பூசிய கையோடும் சேலையோடும் அடுப்பண்டை நிற்பதைத் தவிர்க்கவும்.

நம் ஊரில் இதைப் பேசாமல் விட முடியாது: சங்கரநாராயணர் கோயில் புற்றுமண். தோல்நோய் தீர வேண்டி அதைத் திருநீறுபோல் இடுவதும் உடலில் பூசுவதும் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. கோமதியம்மன் சந்நிதியில் வேண்டிக்கொண்டு வந்தவர்களிடம் அதை மறுத்துப் பேச எங்களுக்கு மனமில்லை, தேவையும் இல்லை. நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள். நீர் கசியும் புண்ணிலும், சொறிந்து உரிந்த தோலிலும் எந்த மண்ணும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண் பூசிய தோலின் மேல் களிம்பு பூசினால் அது தோலைச் சென்றடையாது. எருக்கம்பாலும், அரைத்த பூண்டும், மண்ணெண்ணெயும் வேறு கதை. அவற்றால் வெந்துபோன தோலோடு வருவோரைப் பார்க்கும்போது, படர்தாமரையைவிட அந்தப் புண்ணை ஆற்றவே எங்களுக்கு அதிக நாள் பிடிக்கிறது. சீமையகத்தி இலைக்குப் பூஞ்சையை அடக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. ஆயினும் உடலெங்கும் பரவிய நோய்க்கு அது போதாது.

பரவிய நோய்க்கு மாத்திரை தருகிறோம். அதற்கும் தனிப் பக்கவிளைவுகள் உண்டு. கல்லீரல் நோய் இருந்தால் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவருக்கு இட்ராகோனசோல் ஏற்றதன்று. ஃபுளூகோனசோல், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி, இரத்தச் சர்க்கரையை அளவுமீறித் தாழ்த்தக்கூடும். ஆகவே தற்போது உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் கொண்டுவருவது நலம்.

அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லி முடிக்கிறோம். ஒருவரை மட்டும் குணப்படுத்தினால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பும் என்பதால் கணவன், மனைவி, மூத்த பிள்ளை மூவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை தொடங்கினோம். ஒரே துண்டை நால்வரும் பயன்படுத்தி வந்தார்கள்; ஆளுக்கொன்று வைக்கச் சொன்னோம். உள்ளாடைகளைச் சுடுநீரில் அலசி, உள்மடிப்பு வெளியே வரும்படி திருப்பி, வெயிலில் காயவைக்கச் சொன்னோம். வெயிலுக்குச் சங்கரன்கோவிலில் பஞ்சமில்லை. இடுப்பை இறுக்கும் உடையை விட்டுத் தளர்ந்த பருத்தி அணியச் சொன்னோம். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் வாரம் தந்தைக்கு எரிச்சலும் சிவப்பும் மிகுந்தன. அப்படி நேரும் என்று முன்னரே சொல்லியிருந்தமையால் அவர் பழைய களிம்பைத் தேடிப் போகவில்லை. கைக்குழந்தைக்கு இருந்தது படர்தாமரையே அன்று. ஈரத்துணியால் வந்த சிவப்பு. அதன் வளர்ச்சியையும் எடையையும் மாதந்தோறும் பார்த்து வருகிறோம். இதுவரை குறை தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து வந்தபோது மூவரின் தோலும் தெளிந்திருந்தது. தந்தையின் தொடை இடுக்கில் இருபுறமும் விழுந்த வெளிறிய வரிகள் மட்டும் அப்படியே இருந்தன. “இது எப்போது போகும், டாக்டர்?” என்று கேட்டார். காலப்போக்கில் சற்று மங்கும், முழுதும் மறையாது என்றோம். அவர் தலையசைத்துவிட்டு, மனைவி கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கி எங்கள் மேசைமேல் வைத்தார். பக்கத்துத் தறியில் வேலை செய்யும் மூவரிடமிருந்து வாங்கிவந்த டியூப்புகள் அதில் இருந்தன; எதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.